கொல்லிமலை போறீங்களா? கண் உறுத்தாத கான்டாக்ட் லென்ஸ் எது?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் ஏறினால், எதிர்காற்றில் கண் வறண்டுபோகும். லென்ஸ் போட்டவர்களுக்கு உறுத்தல் இன்னும் அதிகம்.

எளிதில் உறுத்தும் கண்களுக்கு, ஒரே நாளில் கழற்றி வீசும் 'டெய்லி டிஸ்போசபிள்' லென்ஸ்தான் பெரும்பாலும் ஒத்துப்போகும். நாள்கணக்கில் அழுக்கு படியாது. லென்ஸ் கழுவும் திரவத்தால் வரும் அலர்ஜியும் இல்லை. ஆக்சிஜனை நன்றாக உள்ளே விடும் சிலிக்கான் ஹைட்ரோஜெல் ரகமா என்றும் கேளுங்க. அளவைக் கண் மருத்துவர்தான் சொல்லணும்.

ஆகாய கங்கை அருவியில் குளிக்கும் முன் லென்ஸைக் கழற்றிடுங்க. அருவி நீர், குழாய் நீர் எதிலும் இருக்கக்கூடிய அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கு அடியில் தங்கினால், கருவிழியில் புண் வந்து பார்வையே பறிபோகலாம். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக் காத்திருக்காமல், அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்க.