தேவாலயப் பரணில் ஓர் அறுவைக்கூடம்

இலண்டன் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள புனித தாமஸ் தேவாலயத்துக்குக் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். குறுகிய சுழற்படிகள் 52 ஏறினால், கூரைக்கடியில் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றைக் காணலாம்.

தேவாலயத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அதை ஒட்டி அந்நாளில் புனித தாமஸ் மருத்துவமனை இருந்தது. பெண் நோயாளிகளின் பிரிவு இந்தப் பரணுக்கு அடுத்தாற்போல் அமைந்திருந்தது. மின்விளக்கு இல்லாத காலம் அல்லவா? கூரையில் கண்ணாடி பதித்தால் பகலொளி நேரே மேசைமீது விழும். ஆகவே 1822-ஆம் ஆண்டில் இங்கே அறுவைக்கூடம் அமைத்தார்கள்.

நடுவில் ஒரு மரமேசை. கீழே வழியும் குருதியை உறிஞ்ச மரத்தூள் நிரப்பிய பெட்டி. சுற்றிலும் அரைவட்டப் படிகள். அவற்றில் மாணவர்கள் நெருக்கியடித்து நின்று பார்ப்பார்கள். வசதி படைத்தவர்கள் மருத்துவரை வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டனர். இந்த மேசைக்கு வந்தவர்கள் ஏழைப் பெண்கள்.

மயக்க மருந்து கிடையாது. உதவியாளர்கள் நோயாளியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, தேர்ந்த மருத்துவர் ஓரிரு நிமிடங்களில் காலை அறுத்து எடுத்துவிடுவார். வேகம் ஒன்றே அவரால் காட்ட முடிந்த கருணை.

1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து நடந்த அறுவைச் சிகிச்சை உலகறிய வெற்றி பெற்றது. டிசம்பரில் அது இலண்டனையும் எட்டியது. வலி நீங்கியது, சாவு நீங்கியதா? இல்லை. சிகிச்சைக்கு முன் கை கழுவும் வழக்கமில்லை. குருதிக்கறை படிந்த அங்கியையே திரும்பத் திரும்ப அணிந்தார்கள். காயம் சீழ்பிடித்துப் பலர் மாண்டனர்.

லூயி பாஸ்டரின் ஆய்வுகளைப் படித்த ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் கிருமிகளைத் தடுக்கும் முறையை 1867-இல் வெளியிட்டார். ஆனால் மருத்துவமனை வேறிடம் பெயர்ந்ததால், இந்தக் கூடம் 1862-இலேயே மூடப்பட்டிருந்தது. அது ஈதரைக் கண்டது, தூய்மையைக் காணவில்லை. 1956-இல் ரேமண்ட் ரஸ்ஸல் என்பவர் அதைக் கண்டெடுத்தார். 1962-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

"அந்த டாக்டர்கள் கொடியவர்களா?" என்று குழந்தைகள் கேட்கக்கூடும். சுவரிலுள்ள இலத்தீன் வாசகத்தைக் காட்டுங்கள். 'கூலிக்காக அன்று, இரக்கத்தால்' என்பது அதன் பொருள். இரக்கம் அவர்களிடம் இருந்தது. தம் கையிலேயே நோய் ஒட்டியிருக்கிறது என்ற அறிவுதான் இல்லை. இதைச் சொல்லிவிட்டு, வீடு திரும்பியதும் குழந்தைகளைக் கை கழுவச் சொல்லுங்கள். ஏன் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள்.