கோட்டியும் மையலும்: உளநோய்ப் பாகுபாட்டு வரலாற்றில் ஒரு சொல்லாராய்ச்சி

1. தோற்றுவாய்

நோய்க்குப் பெயரிடுதலே மருத்துவத்தின் முதற்செயல் என்பர். உடல்நோயை நாடுவார்க்கு நாடியும் வெப்பமும் வீக்கமும் துணைநிற்கும். உளநோயை நாடுவார்க்கோ, நோயுற்றவரின் சொல்லும் செயலும், அவற்றைக் கண்டவர் கூறும் சொல்லுமே பெரும்பாலும் சான்றாவன. ஆதலின் உளநோய்ப் பாகுபாட்டின் வரலாறு மருத்துவ வரலாறு மட்டுமன்று. அது சொல்வரலாறும் ஆகும். அவ்வகையில் அது தமிழாய்வார்க்கும் உரிய பொருளே.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராமநதியின் நீர் பாயும் நிலப்பகுதியில் அமைந்தது கடையம். நெடுங்காலம் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அவ்வூர், 2019ஆம் ஆண்டில் தென்காசி தனிமாவட்டம் ஆனபின் அதனைச் சார்ந்தது. கடையத்திலும் அதனைச் சூழ்ந்த நெல்லைச் சீமையிலும் அறிவு திரிந்தாரைக் குறிக்க வழங்கும் சொல் ‘கோட்டி’ என்பது. கோட்டி பிடித்தவன், கோட்டிக்காரன், கோட்டிக்காரத்தனம் என அதன் வழக்கு விரியும். கல்லாமை அதிகாரத்தில் அவையைக் குறித்து வள்ளுவர் ஆளும் ‘கோட்டி’ வேறு, இது வேறு. வளைதல், நேர்மையினின்று திரிதல் எனும் பொருளுடைய ‘கோடு’ என்னும் வினையினின்று இது தோன்றியது எனக் கருத இடமுண்டு.

இச்சொல்லின் பொருட்பரப்பே ஈண்டு நம் கருத்தை ஈர்ப்பது. இல்லாத குரலைக் கேட்டு நடுங்குவானும் கோட்டி. குடித்துவிட்டுத் தெருவில் உளறுவானும் கோட்டி. ஊர்வழக்கை மதியாது நடப்பானும் கோட்டி. குறும்பு செய்யும் குழந்தையும் செல்லமாகக் கோட்டியே. நான்கு வேறு நிலைகளை ஒருசொல் விழுங்கி நிற்கிறது. தமிழ் இந்நான்கினையும் என்றும் இவ்வாறே ஒன்றாகக் கண்டதோ, அன்றிப் பிரித்தறிந்த காலம் உண்டோ என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா.

2. வெறியாட்டு: குறி சரி, காரணம் பிழை

சங்க அகப்பாடல்களில் நோய்நாடல் ஒரு நிகழ்ச்சியாகவே அமைந்துள்ளது. தலைவியின் மேனி பசக்கிறது. தோள் மெலிந்து வளை நெகிழ்கிறது. உணவும் உறக்கமும் குறைகின்றன. இவற்றைக் கண்ட தாய், காரணம் அறியாது கலங்கிக் குறி கேட்கிறாள். முறத்தில் நெல்லைப் பரப்பிக் கட்டுவிச்சி பார்ப்பது ‘கட்டு’. கழங்குக் காய்களைக் கொண்டு வேலன் பார்ப்பது ‘கழங்கு’. தொல்காப்பியக் களவியல் இவ்விரண்டனையும் குறிப்பிடுகிறது. முடிவோ, ‘முருகன் அணங்கினான்’ என்பது. உடனே களம் இழைத்து, மறியறுத்து, வெறியாடுகின்றனர்.

இங்கு ஊன்றி நோக்கத் தக்கது ஒன்றுண்டு. தாய் கண்ட குறிகளில் பிழையில்லை. அவை மெய்யாகவே உள்ளன. பிழை, அக்குறிகளுக்குக் கற்பித்த காரணத்திலேயே உள்ளது. நற்றிணையின் 34ஆம் பாட்டில் தோழி, இந்நோய் தன்னால் வந்ததன்று என நன்கறிந்தும் வெறிக்களத்திற்கு வந்து நின்ற முருகனையே அறியாமையுடையவன் எனத் துணிந்து கூறுகிறாள். தெய்வத்தை இகழ்வது அவள் கருத்தன்று. பிழைபட்ட நோய்நாடலைக் கடிவதே அவள் கருத்து. ஒரே வகைக் குறிகள் பல காரணங்களால் தோன்றக்கூடும் எனவும், குறியைக் கண்ட மாத்திரத்தே காரணத்தைத் துணிதல் தவறு எனவும் அப்புலவர் அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

3. களியும் மையலும் பேதைமையும்

இனி, நோயின் காரணத்தைப் பேசாது நிலையை மட்டும் பிரித்துரைக்கும் மரபொன்றும் தமிழில் உண்டு. திருக்குறளின் பேதைமை அதிகாரத்தில், பேதை கையிற் பொருள் கிடைத்தால் விளைவது யாது எனக் காட்ட வந்த வள்ளுவர், மையல் கொண்டவன் கள்ளுண்டு களித்தலை உவமையாக்குகிறார். இவ்வுவமை பொருள்பட வேண்டுமாயின் மூன்று நிலைகள் தம்முள் வேறாதல் வேண்டும். பேதைமை என்பது நன்மை தீமை தேராத அறிவுக்குறை, அது நோயன்று. மையல் என்பது நிலைத்து நிற்கும் அறிவுத்திரிபு. களி என்பது கள்ளால் வந்து கள் தெளிய நீங்குவது. களி மையலின்மேல் ஏறி அதனை மிகுவிக்கவும் கூடும். இம்மூன்றினையும் ஒன்றெனக் கருதினார்க்கு அக்குறளின் நயம் புலனாகாது.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை இப்பாகுபாட்டைக் காட்சியாகவே அமைத்துத் தருகிறது. புகார் நகரத் தெருவில் முதலிற் காணப்படுவான் சமணத் துறவியை எள்ளி வம்பளக்கும் களிமகன். அவனை அடுத்துத் தனியே காட்டப்படுவான் மையலுற்ற மகன். இருவரும் தெருவில் மக்கள் கூடி நோக்கும் காட்சிகளே. எனினும் சாத்தனார் ஒருவனை மற்றவனாக மயங்கவில்லை.

மையலுற்றானைச் சாத்தனார் காட்டும் முறை வியத்தற்குரியது. முதற்கண் அவன் கோலத்தைக் கூறுகிறார்: அலரியும் எருக்கும் சூடியவன், கந்தலோடு சுள்ளிகளையும் சேர்த்து உடுத்தவன், உடல் முழுதும் நீறு பூசியவன். பின்னர் அவன் பேச்சு: எதிர்ப்பட்டாரிடமெல்லாம் பொருந்தாதன பேசுகிறான். அடுத்து உணர்ச்சி: அழுகையும் அரற்றலும் வணங்கலும் காரணமின்றி மாறிமாறி வருகின்றன. அதன்பின் இயக்கம்: ஒருகால் சுழன்றோடுகிறான், ஒருகால் ஒருபால் ஒதுங்கி அசையாது நெடிது நிற்கிறான். இறுதியில் புலனுணர்வின் திரிபு: தன் நிழலையே பகையெனக் கொண்டு அதனோடு பிணங்குகிறான். தோற்றம், பேச்சு, உணர்ச்சி, இயக்கம், புலனுணர்வு என இக்கால உளமருத்துவர் நோயாளியை நோக்கிக் குறிப்பெழுதும் கூறுகள் யாவும் இச்சில அடிகளில் அடங்கியுள்ளன. இதுகொண்டு அவனுக்கு உற்றது இன்ன நோய் என இன்று நாம் துணிதல் பொருந்தாது; எத்துணைக் காலமாக இந்நிலை என்பது காப்பியத்திற் சொல்லப்படவில்லை. காலவளவு இன்றி நோய்ப்பெயர் இல்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

சாத்தனார் பேயையோ தெய்வத்தையோ முன்வினையையோ இங்குக் காரணமாகக் கூறவில்லை என்பதும் கருதத்தக்கது. மணிமேகலை பேயையும் வினையையும் பேசாத நூலன்று. ஆயினும் இவ்விடத்து அவர் கண்டதை மட்டுமே கூறி, அவன் நிலையைக் கையற்ற துன்பம் என்கிறார். நகைப்பொருளாக அன்றித் துன்பமாகவே அவன் நிலை அவர் கண்ணுக்குப் பட்டது.

4. மருத்துவ நூல்களின் பாகுபாடு

மருத்துவ நூலார் காரணம் பற்றியே வகுக்க முற்பட்டனர். சரக சம்கிதை உன்மாதத்தை ஐந்தாக வகுக்கிறது: வாதம், பித்தம், கபம் ஆகியவற்றால் தனித்தனியே வருவன மூன்று, மூன்றும் கூடி வருவது ஒன்று, புறத்தேயிருந்து வந்து பற்றுவது ஒன்று. தமிழில் அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல், கிரிகை எனப்படும் உளநோய்களைப் பதினெட்டாகப் பகுத்து, அவற்றின் குறிகுணங்களையும் மருந்துகளையும் கூறுகிறது. ‘பைத்தியம்’ என இன்று நாம் எளிதில் வழங்கும் சொல்லும், ‘பித்து’ என்பதும், பித்தத்தின் மிகையே அறிவுத்திரிபுக்குக் காரணம் என்னும் கொள்கையின் எச்சங்களே. பண்டைக் கிரேக்க மருத்துவரும் ஆழ்ந்த துயர்நோய்க்குக் கரும்பித்தம் எனப் பொருள்படும் சொல்லையே பெயராக இட்டனர்.

முக்குற்றக் கொள்கை உளநோயையும் உடல்நோயைப் போலவே மருந்துக்கு உரியதாக்கிற்று; இஃது அதன் பெருஞ்சிறப்பு. ஆயின் காலப்போக்கில் நூல்வழக்கின் பதினெட்டு வகைகள் உலகவழக்கில் இறங்கவில்லை. பாகுபாடு ஏட்டில் நின்றது. தெருவுக்கு வந்தது ஒரே பெயர்.

5. இக்காலப் பாகுபாடு

மேலைநாட்டு வரலாறும் இதற்குப் பெரிதும் வேறன்று. செருமானிய மருத்துவர் கிரேப்பலின் 1899இல் வெளியிட்ட தம் நூற்பதிப்பில், இளமையில் தொடங்கி அறிவைச் சிதைக்கும் நோயையும், எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோயையும் இருவேறாகப் பிரித்தார். ஒருநாட் கோலத்தை மட்டும் நோக்காது, ஆண்டுக்கணக்கில் நோயின் போக்கை நோக்கியதே அவர் செய்த புதுமை. முன்னதற்குச் சுவிட்சர்லாந்து மருத்துவர் புளூலர் 1908இல் இட்ட புதுப்பெயரே இன்று தமிழில் மனச்சிதைவு என வழங்குவது. உலக நலவாழ்வு நிறுவனம் 1948இல் தன் நோய்ப்பட்டியலின் ஆறாம் திருத்தத்தில் உளநோய்களுக்கு முதன்முதலாக இடமளித்தது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் வெளியிட்ட மூன்றாம் கையேடு, காரணம் பற்றிய பூசல்களை ஒதுக்கி, கண்டறியத் தக்க குறிகளையே அளவுகோலாகக் கொண்டது. சாத்தனார் தெருவில் நின்று செய்தது ஒருவகையில் இதுவே.

2022 முதல் நடைமுறையில் உள்ள பதினோராம் உலக நோய்ப்பட்டியலின்படி, மனச்சிதைவு எனத் துணிவதற்கு வரையறுத்த குறிகளுள் இரண்டேனும் ஒரு மாதமோ அதற்கு மேலோ நிலைத்திருத்தல் வேண்டும். சோர்வு நோய்க்குப் பத்துக் குறிகளுள் ஐந்தேனும் இரண்டு வாரம் நீடித்தல் வேண்டும். மது முதலியவற்றாலோ வேறோர் உடல்நோயாலோ வந்த திரிபு மனச்சிதைவு எனக் கொள்ளப்படாது. களியையும் மையலையும் பிரித்த பண்டையோர் நெறியை இது நினைவூட்டும். ஆவேச நிலையும் இப்பட்டியலில் இடம்பெறுகிறது. ஆயின் ஒரு சமுதாயம் தன் வழிபாட்டின் பகுதியாக ஏற்றுக்கொண்ட ஆவேசம் நோயன்று என அப்பட்டியலே விலக்குகிறது. நெல்லைச் சீமையின் கொடை விழாவில் அருள்வந்து ஆடும் கோமரத்தாடி நோயாளி அல்லன். விழா முடிந்ததும் அவன் தன் வயலுக்குத் திரும்புகிறான். விரும்பாமலே ஆவேசம் வந்து, வாழ்வும் தொழிலும் கெடத் துன்புறுவாரே மருத்துவத்துக்கு உரியர். வெறியாடும் வேலனுக்கும், வெறியாட்டுக்கு உட்படுத்தப்பட்ட தலைவிக்கும் உள்ள வேற்றுமை இதனொடு ஒப்புநோக்கத் தக்கது.

6. சட்டமும் சொல்லும்

சென்னையில் 1794இல் கான்லி என்னும் மருத்துவரின் பொறுப்பில் உளநோயாளர் காப்பகம் தொடங்கப்பெற்றது. அதன் வழிவந்த நிறுவனம் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் நிலைபெற்று, 1922இல் மருத்துவமனை எனப் பெயர் மாறியது. ‘காப்பகம்’ என்பது நோயாளரை ஊரினின்று விலக்கி வைக்கும் இடம். ‘மருத்துவமனை’ என்பது நோயை நீக்கும் இடம். பெயர் மாறியது நோக்கம் மாறியதன் அடையாளம்.

சட்டமும் இவ்வழியே நடந்தது. 1912ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பிறவி அறிவுக்குறை உடையாரையும் உளநோயுற்றாரையும் ஒரே பெயருள் அடக்கிற்று. கடையத்தின் ‘கோட்டி’ செய்ததையே அரசும் செய்தது எனலாம். 1987ஆம் ஆண்டின் சட்டம் அறிவு வளர்ச்சிக் குறையை நீக்கி உளநோயைத் தனித்துக் கண்டது. 2017ஆம் ஆண்டின் உளநலப் பாதுகாப்புச் சட்டம், உலக நோய்ப்பட்டியல் முதலிய ஏற்கப்பெற்ற மருத்துவ அளவுகோல்களின்படியே உளநோய் துணியப்பட வேண்டும் என விதித்தது. ஒருவர் தம் சமுதாயத்தின் ஒழுக்க, சமய, அரசியற் கொள்கைகளுக்கு மாறுபட்டு நடத்தல் உளநோய்க்குச் சான்றாகாது எனவும் அச்சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது.

இவ்விதியின் பொருளைக் கடையத்தார் நன்குணர்வர். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையினின்று விடுபட்ட பாரதியார், தம் மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்திற்கு வந்து ஏறத்தாழ ஈராண்டு வாழ்ந்தார். சாதிக் கட்டுப்பாடுகளைப் பொருட்படுத்தாத அவர்தம் போக்கு அக்கிரகாரத்தார்க்கு ஒவ்வாததாயிற்று. வழக்கத்தை மீறுவாரையும் நோயுற்றாரையும் ஒருசொல்லால் அழைக்கும் ஊரில், மீறியவரின் கருத்தைச் செவிமடுக்க வேண்டிய தேவையே இல்லாது போகும். நோயுற்றவர்க்கோ அதனினும் பெருங்கேடு விளையும். மருந்து வேண்டியவரும் மருந்து வேண்டாதவராகவே எண்ணப்படுவர்.

அக்கேட்டின் எல்லையை 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியிற் கண்டோம். அங்குத் தங்கவைக்கப்பட்டிருந்த உளநோயாளர், கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப வகையின்றி மடிந்தனர். இறந்தவர் 28 பேர். வழிபாட்டிடத்திற்கு வந்தது அவர்தம் குற்றமன்று. வழிபாட்டின் குற்றமும் அன்று. எவர்க்கு எந்நோய், எவர்க்கு மருந்து, எவர்க்கு ஆறுதல் எனப் பிரித்தறியாது அனைவரையும் ஒரே பெயரால் ஒரே சங்கிலியிற் பிணித்ததே குற்றம். 2017ஆம் ஆண்டின் சட்டம் உளநோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதைத் தடைசெய்தது.

7. முடிபு

இதுகாறும் கூறியவாற்றான், உளநோய்ப் பாகுபாடு தமிழுக்குப் புதிதன்று என்பதும், குறியையும் காரணத்தையும் வேறாகக் காணும் நெறி அகப்பாடல்களில் உண்டு என்பதும், களி, மையல், பேதைமை என்னும் வேற்றுமையைத் திருக்குறளும், களி, மையல் என்னும் வேற்றுமையை மணிமேகலையும் தெளிவுறப் போற்றின என்பதும் பெறப்பட்டன. நாம் இழந்தது அப்பாகுபாட்டையே. ‘மையல்’ இன்று காதல் மயக்கத்தை மட்டுமே குறிக்கும் அளவுக்குச் சுருங்கிற்று; ‘வெறி’ சினத்தையும் பற்றையும் குறிப்பதாயிற்று; ‘பைத்தியம்’ வசையாயிற்று.

2024 சனவரியில் உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப்பட்டியலில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றின் நோய்ப்பெயர்களுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கியது. அப்பெயர்களின் பொருள் எல்லையை ஏடுகளின் துணைகொண்டு வரையறுப்பது மருத்துவரால் மட்டும் இயல்வதன்று; சொல்லாய்வார் உடன்நிற்றல் வேண்டும். கிரிகை நூலின் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தலும், நெல்லைச் சீமை முதலாகப் பல வட்டாரங்களில் வழங்கும் உளநோய்ச் சொற்களைத் தொகுத்து அவற்றின் பொருள்வேறுபாட்டை ஆராய்தலும் முதுகலை மாணாக்கர் மேற்கொள்ளத் தக்க பணிகளாம். ஒருவரை ஊர் எச்சொல்லால் அழைக்கிறதோ அச்சொல்லே அவரைக் கோயிற்கோ மருத்துவமனைக்கோ சங்கிலிக்கோ செலுத்துகிறது. ஆதலின் இச்சொல்லாராய்ச்சி அகராதிக்கு மட்டும் பயன்படுவதன்று என அமைகின்றோம்.