அதே வசனம், வேறு ஊர்: ஒரு போலீஸ் காமெடி கியூபெக்குக்குப் போன கதை

ரீமேக் என்றாலே ரசிகர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஒரிஜினல் மாதிரி வருமா?" இந்தக் கேள்வியோடு முடிந்துபோகும் ரீமேக்குகள்தான் அதிகம். ஆனால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2020-ல் வந்த ஒரு நகைச்சுவைத் தொடர் வேறொரு கேள்வியைக் கிளப்பிவிட்டது. தொடர் வெளியாவதற்கு முன்பே, டீசரைப் பார்த்த உடனேயே சண்டை ஆரம்பித்துவிட்டது! அந்தத் தொடரின் பெயர் 'எஸ்குவாட் 99'. அமெரிக்காவின் 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரின் பிரெஞ்சு மொழி ரீமேக்.

அந்தச் சண்டை எதற்காக வந்தது என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பேச்சை நம்பிய போலீஸ் கதைகள்

போலீஸ் தொடர் என்றால் துரத்தல், துப்பாக்கி, சைரன் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அமெரிக்காவில் 1975 முதல் 1982 வரை ஓடிய 'பார்னி மில்லர்' அந்த எண்ணத்தை மாற்றிக் காட்டியது. நியூயார்க்கின் ஒரு காவல் நிலையம், அதில் ஒரே ஒரு அறை. பெரும்பாலான கதைகள் அந்த அறையை விட்டு வெளியே போகவே போகாது. மேசைகளுக்கு நடுவே நடக்கும் பேச்சுதான் முழுத் தொடரும். யூதர், கறுப்பினத்தவர், போர்ட்டோ ரிக்கோக்காரர், ஜப்பானிய வம்சாவளியினர் என்று பலதரப்பட்ட போலீஸ்காரர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வம்பு பேசிக்கொள்வார்கள். நியூயார்க் நகரமே அந்த அறைக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

புரூக்ளின் நைன்-நைன் அந்த வழியில் வந்த பேரப்பிள்ளை என்று சொல்லலாம். டான் கூர், மைக்கேல் ஷூர் இருவரும் உருவாக்கிய இந்தத் தொடர் 2013 செப்டம்பர் 17 அன்று ஃபாக்ஸ் சேனலில் தொடங்கியது. விளையாட்டுப்பிள்ளையான துப்பறிவாளர் ஜேக் பெரால்டாவாக ஆண்டி சாம்பர்க். முகத்தில் சலனமே இல்லாத கேப்டன் ரேமண்ட் ஹோல்ட்டாக ஆண்ட்ரே பிராகர். பிராகர் அதற்கு முன் 'ஹோமிசைட்' என்ற சீரியஸான போலீஸ் தொடரில் பெயர் வாங்கியவர். அந்த கம்பீரத்தை வைத்துக்கொண்டே சிரிக்க வைத்ததுதான் அவருடைய வெற்றி. 2014 ஜனவரியில் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான கோல்டன் குளோப் இதற்குக் கிடைத்தது. சாம்பர்க்குக்கும் ஒரு விருது.

முதல் எபிசோடில் ஒரு சாதாரண விஷயம் வரும். புதிதாக வந்த கேப்டன், எல்லோரும் டை கட்ட வேண்டும் என்கிறார். ஜேக் மறுக்கிறான். இருபது நிமிடமும் இந்த டை சண்டைதான். கடைசியில்தான் காரணம் புரிகிறது. ஹோல்ட் கறுப்பினத்தவர், தன்பாலின ஈர்ப்பாளர். காவல்துறை பல வருடங்களாக அவரைத் தலைமைப் பொறுப்புக்கு விடாமல் ஒதுக்கி வைத்திருந்தது. 'நானும் இந்த அணியில் ஒருவன்' என்று காட்டும் சீருடை அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது அப்போதுதான் ஜேக்குக்கு உறைக்கிறது. வெறும் ஜோக்காகத் தோன்றிய வசனத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கையே இருக்கிறது! இந்தத் தொடரின் வசனங்கள் பல இப்படித்தான். யார் பேசுகிறார் என்பதில்தான் பாதி சிரிப்பு.

இரண்டு பெண்கள்

அதே அறையில் இரண்டு பெண் துப்பறிவாளர்கள். எல்லாவற்றிலும் முதல் மதிப்பெண் வாங்கத் துடிக்கும் ஏமி சாண்டியாகோ, யாரிடமும் சிரிக்காத ரோசா டியாஸ். ஏமியாக நடித்தவர் மெலிசா ஃபுமேரோ, கியூபாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பெற்றோரின் மகள். ரோசாவாக நடித்தவர் ஸ்டெஃபனி பியாட்ரிஸ், அர்ஜென்டினாவில் பிறந்து, கொலம்பிய அப்பாவுக்கும் பொலிவிய அம்மாவுக்கும் மகளாக வளர்ந்தவர்.

பியாட்ரிஸ் பின்னாளில் பேட்டிகளில் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. ஏமி வேடம் ஃபுமேரோவுக்குக் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும், தனக்கு வாய்ப்பு போய்விட்டது என்றே அவர் நினைத்தாராம். காரணம், ஒரு தொடரில் இரண்டு லத்தீன் அமெரிக்கப் பெண்களை எந்த சேனலும் எடுக்காது! ஒருவருக்குத்தான் இடம் என்பது எழுதப்படாத விதி. அந்த விதி இந்தத் தொடரில் உடைந்தது. அதுவும் இருவருமே வேலைக்காரியாகவோ, கடத்தல்காரனின் காதலியாகவோ வரவில்லை. புத்திசாலி போலீஸ்காரர்களாக வந்தார்கள்.

இந்தத் தொடரை ரசிகர்கள் எவ்வளவு நேசித்தார்கள் என்பது 2018-ல் தெரிந்தது. மே 10 அன்று ஃபாக்ஸ் தொடரை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. சாதாரண ரசிகர்களிலிருந்து கில்லர்மோ டெல் டோரோ, மார்க் ஹாமில் போன்ற பிரபலங்கள் வரை எல்லோரும் குரல் கொடுத்தார்கள். மறுநாளே என்.பி.சி. அதை எடுத்துக்கொண்டது. இப்படிப் போராடி மீட்ட தொடர் மீது ரசிகர்களுக்கு ஒரு உரிமை வந்துவிடாதா என்ன?

கியூபெக்கின் பக்கம்

இனி ரீமேக் செய்தவர்களின் பக்கம். கியூபெக்கில் 2020-ல் சுமார் 85 லட்சம் பேர் இருந்தார்கள். முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழி பிரெஞ்சு. சுற்றிலும் ஆங்கிலக் கடல், நடுவில் ஒரு பிரெஞ்சுத் தீவு. 1977-ல் கொண்டுவந்த 101-வது சட்டத்தின் மூலம் பிரெஞ்சை அரசு, கல்வி, வேலை எல்லாவற்றுக்கும் உரிய மொழியாக்கியவர்கள். தங்கள் மொழியில், தங்கள் உச்சரிப்பில், தங்கள் நடிகர்களோடு தொலைக்காட்சி வேண்டும் என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, மானப் பிரச்சினையும்கூட.

வெளிநாட்டுத் தொடரை மாற்றி எடுப்பதும் அவர்களுக்குப் புதிதில்லை. 'தி ஆபீஸ்' தொடரை 2006-லேயே 'லா ஜாப்' என்று எடுத்திருந்தார்கள். கொடுப்பதிலும் கெட்டிக்காரர்கள். 1997-ல் தொடங்கிய 'அன் கா, உன் ஃபிய்' என்ற அவர்களுடைய தொடர் பல நாடுகளில் ரீமேக் ஆனது. பிரான்சில் எடுத்தபோது அதில் நடித்தவர் பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய ஜான் துஜார்தான்.

எஸ்குவாட் 99-ஐ இயக்கியவர் பாட்ரிக் ஹுவார். இவருக்குப் போலீஸ் காமெடி கைவந்த கலை. 2006-ல் வந்து பெரும் வெற்றி பெற்ற 'பான் காப், பேட் காப்' படத்தின் நாயகன் இவர்தான். ஒரு பிணம் கியூபெக்-ஒன்டாரியோ எல்லையில் கிடக்கும். ஆகவே பிரெஞ்சு பேசும் ஒரு போலீசும் ஆங்கிலம் பேசும் ஒரு போலீசும் சேர்ந்து துப்பறிய வேண்டும். மொழிச் சண்டையையே நகைச்சுவையாக்கிய படம் அது.

அப்படிப்பட்டவருக்கும் இந்த ரீமேக் சுலபமான வேலை இல்லை. வசனத்தை நம்பிய காமெடியை மொழி மாற்றுவது எப்போதுமே கஷ்டம். ஆங்கிலத்தில் 'யூ' என்றால் கேப்டனுக்கும் அதுதான், கான்ஸ்டபிளுக்கும் அதுதான். பிரெஞ்சில் 'து' என்பதா, 'வு' என்பதா என்று எழுதுபவர் ஒவ்வொரு இடத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். நம்மூர் 'நீ', 'நீங்கள்' மாதிரிதான். அதில் தவறினால் ஜோக்கும் தவறிவிடும். கியூபெக்கின் பேச்சு பிரெஞ்சு பாரிஸ் பிரெஞ்சும் இல்லை. வசவுகூட வேறு! தேவாலயத்தில் புழங்கும் புனிதச் சொற்களைத்தான் அங்கே கெட்ட வார்த்தைகளாகத் திட்டுவார்கள். "டப்பிங் இருக்கும்போது ரீமேக் எதற்கு?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். டப்பிங்கில் கதாபாத்திரம் பிரெஞ்சு பேசும், ஆனால் உங்கள் தெருக்காரன் மாதிரி பேசாது.

டீசர் வந்தது, புயலும் வந்தது

2020 ஆகஸ்டில் டீசர் வந்தது. புரூக்ளினுக்குப் பதில் கியூபெக் நகரம். ஜேக்குக்குப் பதில் மிக்கேல் குவான் நடித்த மாக்ஸ் பெலான்ஜே. ஹோல்ட்டுக்குப் பதில் கேப்டன் ரேமண்ட் செலஸ்தான், நடித்தவர் ஹைட்டியைச் சேர்ந்த விடமீர் நொர்மில். இதுவரை சரி. ஆனால் ஏமிக்கும் ரோசாவுக்கும் பதில் வந்தவர்கள் மிலேன் மக்கே, பியான்கா ஜெர்வே. இருவருமே வெள்ளையர்கள். வேடத்தின் பெயர்களும் ஃபானி, ரோசலி என்று பிரெஞ்சுப் பெயர்களாகிவிட்டன.

அமெரிக்க ரசிகர்கள் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிக் கொதித்தார்கள். மெலிசா ஃபுமேரோவே ட்விட்டரில் எழுதினார். கியூபெக்கில் லத்தீன் அமெரிக்கர் குறைவாக இருக்கலாம், ஆனால் வேறு இனப் பெண்களும் அங்கே வாழ்கிறார்களே, அவர்களில் ஒருவருக்காவது வாய்ப்பு தந்திருக்கலாமே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

காலமும் சாதாரணக் காலம் இல்லை. அந்த வருடம் மே 25 அன்றுதான் மின்னியாபோலிசில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்டார். ஒரிஜினல் தொடரே தடுமாறிக்கொண்டிருந்தது. எட்டாவது சீசனுக்காக எழுதிய நான்கு கதைகளைத் தூக்கிப் போட்டுவிட்டதாக ஜூன் மாதம் நடிகர் டெர்ரி க்ரூஸ் சொன்னார். போலீசை வைத்துச் சிரிக்கலாமா என்றே எல்லோரும் யோசித்த நேரம். கியூபெக்கிலும் முதல்வர் பிரான்சுவா லெகோ தன் மாகாணத்தில் அமைப்பு ரீதியான இனவெறி இல்லை என்று சொல்ல, அதை எதிர்த்துப் பலர் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன், 2018-ல், கறுப்பின அடிமைகளின் பாடல்களைப் பெரும்பாலும் வெள்ளையரை வைத்து மேடையேற்றிய 'ஸ்லாவ்' நிகழ்ச்சி எதிர்ப்பால் மாண்ட்ரீல் ஜாஸ் விழாவிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. காயம் ஆறுவதற்குள் மறுபடியும் கீறல்.

இரு தரப்பும் சொன்னது

எதிர்த்தவர்களின் வாதம் இதுதான். ஏமி, ரோசா இருவரின் குணத்துக்கும் லத்தீன் அமெரிக்கப் பிறப்புக்கும் கட்டாயத் தொடர்பு இல்லை. மதிப்பெண் பைத்தியம் எந்த இனத்திலும் இருக்கும். அப்படிப்பட்ட வேடங்களில் அந்தப் பெண்களை நடிக்க வைத்ததுதான் ஒரிஜினலின் பெருமை. ரீமேக் அந்தக் கதவை மூடிவிட்டது.

ஆதரித்தவர்கள் அதே உண்மையைத்தான் திருப்பிச் சொன்னார்கள். குணத்துக்கும் பிறப்புக்கும் தொடர்பு இல்லை என்றால் யார் நடித்தால் என்ன? புரூக்ளின் வேறு, கியூபெக் நகரம் வேறு. மாண்ட்ரீலோடு ஒப்பிட்டால் அங்கே வெள்ளையர் அல்லாதவர் மிகக் குறைவு. எங்கள் ஊர்க் கதையை எங்கள் ஊர் முகங்களோடு எடுக்கிறோம். கனடாவின் பிரெஞ்சுக்காரர்களே ஒரு சிறுபான்மைதானே, எங்களுக்கு நியூயார்க் பாடம் எடுக்க வேண்டுமா?

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டாவது வாதத்தில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. கியூபெக் மாகாணத்தில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேல். ஹைட்டிக்காரர்களும் அப்படியே. 101-வது சட்டத்தின்படி பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரெஞ்சிலேயே ஜோக் அடித்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். "எங்கள் மொழியைப் பேசு" என்று அவர்களிடம் கேட்டாயிற்று, அவர்களும் பேசிவிட்டார்கள். பிறகு திரையில் 'எங்கள் ஊர் முகம்' என்று சொல்லும்போது அவர்கள் அதில் சேர்த்தியா இல்லையா? ஃபுமேரோ கேட்டதும் அதைத்தான்.

பிறகு என்ன ஆயிற்று?

அறிவித்தபடி 2020 செப்டம்பரில் கிளப் இலிகோ என்ற கட்டணச் சேவையில் தொடர் வெளியானது. ஒரு சீசனோடு நிற்கவும் இல்லை, தொடர்ந்து வந்தது. ஒரிஜினலைப் பார்க்காத, அல்லது தங்கள் பேச்சுமொழியில் கேட்க விரும்பிய பார்வையாளர்கள் அதற்கு இருந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கமோ எல்லைக்கு அந்தப் பக்கமோ இருந்து கோபப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சே தெரியாது என்பதும் உண்மை. வசனத்தால் வாழும் ஒரு தொடரை, வசனம் புரியாமலே தீர்ப்பு சொன்னார்கள். அவர்கள் பார்த்தது முகங்களை மட்டும்தான்.

ஒரிஜினல் 2021 செப்டம்பர் 16 அன்று 153 எபிசோடுகளோடு நிறைவடைந்தது. ஆண்ட்ரே பிராகர் 2023 டிசம்பர் 11 அன்று தன் 61-வது வயதில் காலமானார். அன்று ரசிகர்கள் நினைத்துப் பார்த்த காட்சிகளில் பலவும் அவர் முகம் மாறாமல் பேசிய வசனங்கள்தான்.

"ஒரிஜினல் மாதிரி வருமா?" என்ற பழைய கேள்விக்கு எஸ்குவாட் 99 என்ன பதில் சொன்னது என்பதை அவரவர் ரசனைக்கு விட்டுவிடலாம். வசனத்தை மொழிபெயர்க்கலாம், ஊரை மாற்றலாம், டைக்குப் பதில் தொப்பியைக்கூட வைக்கலாம். ஆனால் "இரண்டு பேருக்கெல்லாம் இங்கே இடம் கிடையாது" என்று நினைத்துக்கொண்டே ஒரு நடிகை ஆடிஷனுக்குப் போய், அந்த இடம் கிடைத்துவிட்ட ஆச்சரியம் இருக்கிறதே, அதை எந்த மொழிக்கு எப்படிக் கொண்டுபோவது? அடுத்து ரீமேக் எடுக்கப் போகிறவர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான்.