தேர்ட் ரைடு பிறந்த கதை

பொங்கல் முடிந்த கையோடு பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் கபடி களைகட்டிவிடும். மண்ணைக் கொத்திக் கிளறி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, மூலைக்கு மூலை ஃபோகஸ் லைட் கட்டினால் களம் தயார். வேப்பந்தட்டைப் பக்கமோ செந்துறைப் பக்கமோ ஒரு ராத்திரி நின்று பாருங்கள். ஆட்டத்தின் நடுவே மைக்கில் குரல் உயரும்: "தேர்ட் ரைடு!" அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கபடி பாடப்போகிற பையன் குனிந்து நடுக்கோட்டு மண்ணைத் தொட்டு நெஞ்சில் ஒற்றிக்கொள்வான். வலது முழங்காலில் நைந்துபோன நீ கேப் இருக்கும். அதை ஒரு தரம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டுதான் உள்ளே போவான்.

நம் தாத்தாக்கள் ஆடிய சடுகுடுவில் இந்த வார்த்தை கிடையாது. மூச்சுதான் அன்று கணக்கு. பாட்டு அறுகிறவரை எதிர்க்களத்தில் நிற்கலாம், வெறுங்கையோடு திரும்பி வந்தாலும் குற்றமில்லை. அதில் ஒரு வசதியும் இருந்தது. நாலு பாயிண்ட் முன்னால் இருக்கிற அணி, ஆளை அனுப்பிக் கோட்டை மட்டும் மிதிக்கவைத்துத் திரும்ப அழைத்துக்கொள்ளும். நேரம் ஓடிவிடும், ஆட்டம் செத்துப்போகும்.

2006 தோஹா ஆசிய விளையாட்டில் கபடிக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டுதான் வர்ணனையாளர் சாரு சர்மாவுக்கு ஒரு லீக் நடத்தும் எண்ணம் வந்தது. ஆனந்த் மஹிந்திராவும் அவரும் சேர்ந்து தொடங்கிய மஷால் ஸ்போர்ட்ஸ், 2014 ஜூலை 26 அன்று மும்பையில் புரோ கபடியை அரங்கேற்றியது. டி.வி. பார்க்கிறவன் சேனலை மாற்றாமல் இருக்க வேண்டுமே! ரைடுக்கு 30 நொடி என்று கடிகாரம் ஓடியது. அடுத்தடுத்து இரண்டு ரைடு காலியாகப் போனால், மூன்றாவதில் பாயிண்ட் எடுத்தே ஆகவேண்டும், எடுக்காதவன் அவுட். 'டூ ஆர் டை' என்று அவர்கள் பெயர் வைத்ததை நம் மைக்செட் அண்ணன்கள் 'தேர்ட் ரைடு' ஆக்கிவிட்டார்கள். அந்த விதி இல்லாவிட்டால் இந்த ஆட்டத்துக்கு இத்தனை கண்கள் கிடைத்திருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தப் பரபரப்புக்கான விலையை ஓர் ஆளின் உடம்பு கொடுக்கிறது. சாதாரண ரைடில் பாடுகிறவன் ஆழம் பார்ப்பான், சரிவராவிட்டால் திரும்பிவிடுவான். தேர்ட் ரைடில் அவன் உள்ளே வந்தே தீரவேண்டும் என்பது பிடிக்கிற ஏழு பேருக்கும் தெரியும். அவர்கள் பின்வாங்கிக் காத்திருப்பார்கள். ஆண்கள் ஆட்டத்தில் நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு 4.75 மீட்டர். அவ்வளவு தூரம் உள்ளே போனவனின் கணுக்காலை, மூலையில் நிற்கும் கார்னர் பிடிப்பான். அதே நொடியில் பக்கவாட்டிலிருந்து கவர் வந்து மோதுவான். கால் நின்ற இடத்தில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும்.

இப்படி உடம்பைப் பணயம் வைக்கிறவனால் எத்தனை வருஷம் ஆட முடியும்? பர்தீப் நர்வாலைப் பாருங்கள். பிடிக்க நீளும் கைகளுக்கு அடியில் முங்கி எழுகிற 'டுப்கி'க்குப் பெயர்போனவர். 2017 சீசனில் மட்டும் 369 ரைடு பாயிண்ட், பாட்னா பைரேட்ஸுக்குத் தொடர்ந்து மூன்று கோப்பை. லீக் வரலாற்றிலேயே அதிக ரைடு பாயிண்ட் எடுத்தவர் அவர்தான். 2025 ஏலத்தில் அவரை ஒருவரும் எடுக்கவில்லை. 28 வயதில் ஓய்வை அறிவித்தார். நம் தமிழ் தலைவாஸ் 2022-இல் 2.26 கோடி கொடுத்து பவன் ஷெராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார்.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே வழக்கு உண்டு. அங்கே பந்தை வீசித் தர வேண்டியவர் குவாட்டர்பேக். 2012-இல் வந்த ராபர்ட் கிரிஃபின் பந்தோடு தானே ஓடி நாட்டையே எழுந்து நிற்கவைத்தார். அந்த சீசன் முடிவதற்குள் முழங்கால் போனது. பழைய கிரிஃபின் திரும்பி வரவே இல்லை. லாமர் ஜாக்சனோ அதே ஓட்டத்தோடு வீச்சையும் தீட்டிக்கொண்டு 2019, 2023 என இரண்டு முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

நம் ஆட்டத்தில் அதற்கு நிகர் அனூப் குமார். அவருடைய பலம் பாய்ச்சலில் இல்லை, போனஸில் இருந்தது. ஆறு பேருக்குக் குறையாமல் எதிரில் நிற்கும்போது ஒரு காலை நீட்டிப் போனஸ் கோட்டைத் தாண்டி வைத்து, மறுகாலைத் தூக்கிக்காட்டிவிட்டுப் பாயிண்டோடு திரும்பிவிடுவார். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். 2016 உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது அவர்தான் கேப்டன். 2018 டிசம்பரில் ஓய்வு பெற்றபோது வயது 35.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: ரைடரால் நெடுநாள் ஆட முடியும், ஆனால் தேர்ட் ரைடு முழுவதையும் ஒருவன் தலையில் கட்டினால் முடியாது. நம் ஊர் அணிகளில் அதைத்தான் கட்டுகிறோம். நன்றாகப் பாடுகிற பையன் ஒருவன் கிடைத்துவிட்டால், ஒரே ராத்திரியில் நாலு ஆட்டத்திலும் அவனையே அனுப்புகிறோம். காலை நொண்டிக்கொண்டு வந்தாலும், "இந்த ஒரு ரைடு மட்டும் போயிட்டு வாடா தம்பி" என்கிறோம்.

இந்த வருஷம் அணி கட்டும் அண்ணன்மார்களே, மூன்று பேருக்குப் பாடக் கற்றுக்கொடுங்கள். அந்தத் தம்பிக்குப் போனஸ் எடுக்கப் பழக்குங்கள். முழங்கால் வீங்கியிருந்தால் அன்று ராத்திரி அவனை உட்காரவையுங்கள்.