மாமல்லபுரக் கல்வெட்டில் ‘மனை’: எக்ஸ்எம்எல் பதிவில் இடஞ்சார் உறுப்புகளின் சிக்கல்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. ஹுல்ச் 1890இல் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அது இடம்பெற்றுள்ளது. ஊர், ஆமூர்க் கோட்டத்து ஆமூர் நாட்டைச் சேர்ந்ததாகக் குறிக்கப்படுகிறது. அதன் நன்செய், புன்செய், தோட்டம் முதலிய இறைநிலத்தை நூறு மனைக் கணக்கில் நான்கு கூறாகப் பகுத்துக்கொள்ள நகரத்தார் உடன்படுகின்றனர்.

இப்பாடத்தை எக்ஸ்எம்எல் ஆவணமாக்கும்போது ‘மனை’ இடர் தருகிறது. செங்கல்பட்டு வட்டாரத்தின் பிற்கால வழக்கில் ஒரு மனை 2,400 சதுர அடி. 24 மனை ஒரு காணி. கல்வெட்டிலோ நன்செயும் தோட்டமும் ஒரே மனையால் எண்ணப்படுகின்றன. எனவே அதனைப் பரப்பளவாகக் கொள்வதினும் உரிமைப் பங்காகக் கொள்வதே பொருந்தும்.

2001 மே 2 அன்று டபிள்யூ3சி பரிந்துரைத்த எக்ஸ்எம்எல் ஸ்கீமா இதற்கு ஒரு வழி தருகிறது. உறுப்பைப் பொதுவாக அறிவிக்காமல் தாய் உறுப்பின் உள்ளேயே அறிவித்தால், கல்வெட்டினுள் வரும் மனைக்கு ஒரு வகையும் நிலக்கணக்கினுள் வரும் மனைக்கு வேறொரு வகையும் அமைக்கலாம். வரலாற்றாய்வாளருக்கு இது உவப்பான ஏற்பாடாகவே தோன்றும். ஆயினும் ஒரே உள்ளடக்க அமைப்பினுள் ஒரே பெயருடைய உறுப்புகள் ஒரே வகையினவாகவே இருத்தல் வேண்டும் என்பது ஸ்கீமாவின் விதி. பழைய மனையையும் இன்றைய மனையையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பதிப்பில் இவ்வழி அடைபட்டுப்போகிறது. பெயரிடப்படாத வகையைப் பிறிதோரிடத்தில் எடுத்தாளவும் இயலாது. வேறு குறிப்பு இல்லையெனில் இடஞ்சார் உறுப்பு பெயர்வெளி அற்றதாகவே கொள்ளப்படும். ஆகவே பெயர்வெளியுடன் தேடுவோர்க்கு அது அகப்படாது. பிழை நேர்ந்ததாக அறிவிப்பும் எழாது.

இதனினும் பெரிய இடர், தாய் உறுப்பிலிருந்து பிரித்துத் தொகுக்கும்போது நேர்வது. நூறு மனை 2,40,000 சதுர அடியாகிவிட்டால், வணிக நகரொன்றின் இறைநிலம் முழுவதும் ஏறத்தாழ ஐந்தரை ஏக்கருக்குள் அடங்கிவிடும்!

கல்வெட்டுப் பதிப்புக்குரிய எபிடாக் மரபு சார்ந்துள்ள டிஇஐ நெறியில் அளவைக்குப் பொது உறுப்பு ஒன்றே உண்டு. அலகும் எண்ணும் பண்புகளாக அமைகின்றன. அலகு ‘மனை’ என்று மட்டும் எழுதினால் பழைய குழப்பமே மீளும். இராசராசன் காலத்து மாமல்லபுர மனை தனிக் குறியீடு பெறுதல் வேண்டும். கோட்டத்துக்கும் நாட்டுக்கும் பெயராய் நிற்கும் ஆமூருக்கும் அவ்வாறே இரு குறியீடுகள் தேவை.