வேடந்தாங்கல் கவுல்

ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு ஒன்று தொண்டைமண்டலத்துக்கு வாய்க்கவில்லை. பாலாறு பெயரளவில் பெரிய ஆறாயினும் வருஷத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பது. ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவந்து கொட்டுகிற மழையை, நிலத்தின் சரிவு எங்கெங்கே இடம் தருகிறதோ அங்கங்கே மண்கரை எழுப்பித் தேக்கி, ஓர் ஏரியின் மிகுநீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குச் சென்று சேரும்படி தொடுத்து, அந்நீரைக்கொண்டே நெல் விளைத்து உண்ணும் வாழ்க்கைமுறையை இப்பிரதேசத்தார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துக்கொண்டார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் குடவோலை முறையைச் சொல்வதனால் பெரும்புகழ் அடைந்துவிட்டன. ஆனால் அவ்வோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஏரிவாரியத்தார் என்று ஒரு சாரார் தனியே இருந்தனர் என்பதை மேடைகளில் பேசுவோர் அதிகமாக நினைவுகூர்வதில்லை.

அந்த உத்திரமேரூருக்கும், கடல்போன்ற ஏரியையுடைய மதுராந்தகத்துக்கும் அருகே அமைந்த சிற்றூர் வேடந்தாங்கல். அதன் ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்புள்ளது. இவ்வட்டாரத்து ஏரிகளின் அளவை நோக்கச் சாமானியமானதுதான். எனினும் மற்ற ஏரிகளில் காணாத ஒரு விசேஷம் இதற்கு உண்டு. கழுத்தளவு நீரில் நின்றாலும் அழுகாத கடப்ப மரங்கள் ஏரியின் உள்ளேயே தோப்பாக வளர்ந்திருக்கின்றன. மழை பெய்து ஏரி நிரம்பியதும் அம்மரங்கள் தண்ணீர் நடுவே தீவுகளாகிவிட, காட்டுப்பூனையும் நரியும் அணுகமுடியாத அக்கிளைகளில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், சாம்பல் நாரை, வக்கா, பலவகைக் கொக்குகள், கூழைக்கடா ஆகியவை ஆயிரக்கணக்கில் வந்து கூடுகட்டிக் குஞ்சு பொரித்து, பங்குனி வாக்கில் குஞ்சுகளோடு பறந்துபோகின்றன. இவையெல்லாம் சைபீரியாவிலிருந்து வருகின்றன என்று பள்ளிப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருப்பது சரியன்று. வட ஆசியாவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலியவை. அவை இங்கே முட்டையிடுவதில்லை. கூடுகட்டும் பறவைகளோ பெரும்பாலும் நம் தேசத்துக்குள்ளேயே மழையைத் தொடர்ந்து இடம் பெயர்பவை. மழை பொய்த்து ஏரி வறண்ட வருஷங்களில் அவை இவ்வூரை நாடுவது அரிது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஜாகீராக இருந்தது. ஆர்க்காட்டு நவாபு 1763இல் விட்டுக்கொடுத்த அந்த நிலப்பரப்பை 1794 முதல் 1798 வரை நிர்வகித்த கலெக்டர் லயனல் பிளேஸ். அந்நாளில் வெள்ளைச் சிப்பாய்கள் சிலர் வேடந்தாங்கலுக்கு வந்து நாரைகளைச் சுட்டுக்கொண்டுபோக, ஊரார் ஒன்றுதிரண்டு கலெக்டரிடம் சென்று முறையிட்டு, இனி எவரும் அங்கே பறவைகளை இம்சிக்கலாகாது என்று கவுல் என்னும் உறுதிப்பத்திரம் ஒன்று எழுதி வாங்கிவந்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தக் கவுல் வழங்கப்பட்ட ஆண்டு 1798 என்பர். கும்பினி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி தொடங்கிய 1858இல் அன்றைய கலெக்டர் அதை மறுபடியும் உறுதிப்படுத்தினார். பறவை சுடுவதைப் பொழுதுபோக்காகவும் ஆண்மையின் அடையாளமாகவும் துரைமார்கள் கருதிய ஒரு காலத்தில், துரையின் கையெழுத்தைக்கொண்டே துரையின் துப்பாக்கியைத் தடுத்த இந்தக் கிராமத்தாரின் சாமர்த்தியத்தை நினைக்க வியப்பாகத்தான் இருக்கிறது.

இதே பிளேஸ் துரையைப் பற்றி மதுராந்தகத்தில் வேறொரு கதை வழங்குகிறது. அவ்வூர் ஏரிக்கரை உடைந்து உடைந்து செப்பனிடப்பட்டு வந்த நிலையில், பெருமழை பெய்த ஓர் இரவு கரை தாங்குமோ என்று பார்க்கப்போன கலெக்டர், வில்லேந்திய இரு வாலிபர்கள் கரைமீது காவல் நிற்கக் கண்டாராம், கரையும் உடையவில்லை, அவர் கோதண்டராமர் கோயிலில் தாயார் சந்நிதியைத் திருப்பணி செய்து கொடுத்தார். ஏரிகாத்த ராமர் என்ற திருநாமம் அதனால் பிரசித்தமாயிற்று. கதையின் தெய்வாம்சத்தைப் பக்தர்களுக்கு விட்டுவிடுவோம். சரித்திரத்துக்கு அதில் கிடைப்பது, இந்தக் கலெக்டருக்கு ஏரிகளின் மேல் இருந்த கவலை. அக்கவலை சுயநலமற்றது என்று சொல்லமுடியாது. விளைச்சலில் சர்க்காருக்குப் பங்கு இருந்தது, ஏரி கெட்டால் வரும்படி கெடும். ஆகவே பறவை குறைந்தால் மகசூல் குறையும் என்று வேடந்தாங்கலார் வாதித்திருந்தால், அந்த வாதம் ஜீவகாருண்யத்தைவிட விரைவாகக் கலெக்டரின் காதில் ஏறியிருக்கும் என்பது என் ஊகம்.

ஏனெனில் அவ்வூர் உழவர்கள் பறவைகளைக் காத்துவந்ததற்கு உறுதியான காரணம் ஒன்று இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் நான்கைந்து மாதங்கள் இடைவிடாமல் நீரில் விழுந்து கரைகிறது. எச்சத்தில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் பயிருக்கு உரமாகின்றவை. மதகைத் திறந்தால் வாய்க்காலில் ஓடுவது வெறும் நீரன்று, எருக்கரைசல். அந்நீர் பாயும் ஆயக்கட்டு நிலங்களுக்கு அயலூர் நிலங்களைப்போலத் தனியே எருவிட வேண்டியதில்லை என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அதனால்தான் ஊரார் பறவைகளின் கூட்டைக் கலைப்பதில்லை, மரங்களின் கிளையை வெட்டுவதில்லை, பறவைகள் வந்துசேரும் காலத்தை ஒட்டியே வருகிற தீபாவளியன்று வெடி கொளுத்துவதில்லை. இதில் தியாகமும் கலந்திருந்தது. வயலுக்கு நீர் வேண்டிய பருவமும் கூட்டில் குஞ்சுகள் இருக்கும் பருவமும் ஒன்றாதலால், மரத்தடியில் நீர் வற்றிவிட்டால் பகைப்பிராணிகள் ஏறிவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மதகைக் கையாள வேண்டியிருந்தது.

கவுல் எழுதப்பட்ட நாளில் இவ்வகை உறவுகளை ஆராயும் சாஸ்திரம் ஐரோப்பாவிலும் உருவாகவில்லை. உயிர்கள் தம் இருப்பிடத்தோடும் ஒன்றோடொன்றும் கொண்டுள்ள சம்பந்தத்தை ஆராயும் துறைக்கு ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1866இல்தான் ஒரு பெயரிட்டார். அத்துறையையே நாம் இன்று சூழலியல் என்கிறோம். 1887இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் என்பவர் ஏரியை ஒரு சிற்றுலகமாக வருணித்து, அதிலுள்ள ஒரு மீனை அறிய விரும்புபவன் அம்மீன் தின்னும் பூச்சியையும் பூச்சி தின்னும் பாசியையும் சேர்த்தே அறிந்தாக வேண்டும் என்று நிலைநாட்டினார். சார்லஸ் எல்டன் 1927இல் வெளியிட்ட நூலில் உணவுச்சங்கிலி என்ற கருத்து தெளிவான உருவம் பெற்றது. உயிருள்ளவற்றோடு மண், நீர், காற்று, வெயில் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகக் கொள்ளவேண்டும் என்று ஆங்கிலேயத் தாவரவியலறிஞர் ஆர்தர் டான்ஸ்லி 1935இல் வாதித்தார். அவ்வமைப்பே சூழல்மண்டலம் எனப்படுவது. பின்னர் ரேமண்ட் லிண்டெமன் என்னும் இளைஞர் மின்னசோட்டாவில் ஒரு சிறு சதுப்பு ஏரியைப் பல பருவங்கள் ஆராய்ந்து, வெயிலிலிருந்து பாசியும் செடியும் கவரும் சக்தி ஒவ்வொரு படியாக மேலேறும்போது பெரும்பகுதி செலவழிந்து மிகச் சிறு பகுதியே அடுத்த படிக்குச் சேர்கிறது என்று கணக்கிட்டார். அக்கட்டுரை 1942இல் அச்சேறுமுன்பே, 26 வயதில், அவர் காலமானது அந்தச் சாஸ்திரத்துக்கு நேர்ந்த நஷ்டங்களில் ஒன்று.

இந்த அறிஞர்களின் வாக்கை வேடந்தாங்கலில் பொருத்திப் பார்த்தால் இரண்டு உண்மைகள் துலங்கும். சக்தி ஒரே திசையில் செல்வது. நெல்லுக்கும் நத்தைக்கும் நாரைக்கும் சென்ற வெயில் திரும்பி வருவதில்லை, அதனால்தான் நத்தைகள் கோடியாகவும் நாரைகள் ஆயிரமாகவும் இருக்கின்றன. பாஸ்பரஸ் போன்ற தாதுப்பொருள்களோ சுழல்பவை. நெல்லுக்குச் சென்றது வைக்கோலாகிச் சாணமாகி மறுபடி மண்ணுக்கு வரும். ஆனால் ஃபோர்ப்ஸின் சிற்றுலகம் என்ற சொல் இந்த ஏரிக்கு முழுவதும் பொருந்தாது. இத்தனை பறவைகளுக்கும் இரை தருவதற்கு 30 ஹெக்டேர் நீர் எந்த மூலைக்குப் போதும்? இங்கே அவை உறங்கிக் குஞ்சு வளர்க்கின்றன. இரைக்குச் செல்வது சுற்றுப்புறத்து ஏரிகளுக்கும் வயல்களுக்குமாம். ஆகவே பக்கத்து ஊர் வயலில் பிடித்த நத்தையும், அதற்கடுத்த ஊர் ஏரியில் பிடித்த கெண்டையும் வேடந்தாங்கல் ஆயக்கட்டில் எருவாகின்றன. அயலூராருக்குத் தெரியாமலே அவர்களிடமிருந்து இவ்வூர் ஒரு சிறு வரி வசூலித்துவந்தது என்றுகூடச் சொல்லலாம்.

சூழலியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் ஒன்றென்றே பலரும் எண்ணுகிறார்கள். சூழலியல் உயிர்களின் உறவை உள்ளபடி அறிய முயல்வது, உயிரியலின் ஒரு கிளை. சுற்றுச்சூழல் அறிவியலோ அந்த அறிவையும் ரசாயனம், மண்ணியல், நீரியல், சட்டம், பொருளாதாரம் ஆகியவற்றையும் ஒருங்கே கொண்டு, மனிதன் விளைத்த கேட்டை அளந்து பரிகாரம் தேடுவது. முந்தையது இல்லாமல் பிந்தையது கண்ணின்றி நடக்கும். 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய மௌன வசந்தம் இரண்டையும் இணைத்த நூல். பூச்சிக்குத் தெளித்த டி.டி.டி. உணவுச்சங்கிலியில் படிக்குப் படி செறிந்து, மீனுண்ணும் பறவைகளின் முட்டையோட்டை மெலியச்செய்தது பின்னர் ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று. எல்டனின் சங்கிலியை அறியாதவர்களுக்கு அந்த நோயின் காரணமே விளங்கியிராது. நம் தேசத்தில் பயிர்த்தொழிலுக்கு டி.டி.டி.யைப் பயன்படுத்துவது 1989இல்தான் தடுக்கப்பட்டது.

வேடந்தாங்கலிலும் காலம் மாறியது. யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் மூட்டையில் வந்தபின், எச்சத்தின் மதிப்பு உழவனின் கணக்கில் முன்போல இருக்க நியாயமில்லை. இதற்கிடையே சர்க்காரும் உள்ளே வந்தது. 1936இல் கலெக்டரின் அங்கீகாரம், 1962இல் சென்னை வனச்சட்டப்படி சரணாலயம், 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் எல்லை என்று ஊர்க்கட்டுப்பாடு சிறிது சிறிதாகச் சட்டமாயிற்று. எழுத்தாளர் மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் இங்கே நெடுநேரம் இருந்து பார்த்து எழுதிய குறிப்புக்கள் பட்டணத்தாரின் கண்ணை இவ்வூர்ப் பக்கம் திருப்பின. வனத்துறையினர் ஏரியினுள் மண்திட்டுக்கள் எழுப்பிக் கருவேல் வளர்த்தனர். எல்லையைக் குறுக்கும் யோசனை ஒன்று 2020இல் எழுந்து, பலத்த எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2022இல் இந்த ஏரியும் அருகிலுள்ள கரிக்கிலி ஏரியும் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன.

வனத்துறையின் காவல் கூடு இருக்கும் இடத்தில் நிற்கிறது. இரை இருக்கும் இடம் வேறு. நாரை விடியலில் எழுந்து போகும் ஏரிகள் பல பொதுப்பணித்துறையையோ ஊராட்சியையோ சேர்ந்தவை, வயல்கள் தனியாருடையவை. அவற்றுக்கு உரியவர்களுக்கு வேடந்தாங்கல் எருவில் பங்கு கிடையாது. ஆகவே 1798இல் பலித்திருக்கக்கூடிய வாதம் அவர்களிடம் பலிக்காது, வேறொன்று வேண்டும். வரப்பைத் துளைத்து நீரைக் கசியவிடும் வயல்நண்டிலிருந்து அதைத் தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். அந்த நண்டை நாரையும் கொக்கும் கூலியில்லாமல் பொறுக்கித் தின்கின்றன என்பதை இவ்வட்டாரத்து உழவருக்கு எந்தச் சாஸ்திரமும் வந்து சொல்லவேண்டியதில்லை.