லூஸ் கான்டாக்ட்: இருளின் இளவரசனும் ஜாகுவார் இ-டைப்பும்

பழைய கார் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் லூகாஸ் ஜோக் ஒன்றாவது வந்துவிடும். இங்கிலாந்துக்காரர்கள் பீரை ஏன் வெதுவெதுப்பாகக் குடிக்கிறார்கள்? அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜும் லூகாஸ் செய்ததுதான். லூகாஸ் ஹெட்லைட் சுவிட்சுக்கு எத்தனை நிலை? மூன்று: மங்கல், மினுக்கல், இருட்டு. பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்து கொடுத்த பர்மிங்ஹாம் ஜோசப் லூகாஸ் கம்பெனிக்கு இப்படித்தான் ‘இருளின் இளவரசன்’ என்ற பட்டம் வந்தது. ஆங்கிலத்தில் அது சாத்தானுக்குச் சொல்கிற பெயர்.

இந்த ஜோக்குகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் ஒரு சந்தேகம் வராமல் போகாது. எப்போதும் எரியாத விளக்கைப் பற்றி யாரும் ஜோக் சொல்வதில்லை. பல்பை மாற்றிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார்கள். வீட்டில் எரியாமல், மெக்கானிக் முன்னால் பளிச்சென்று எரிந்து, திரும்பி வரும்போது பாதி வழியில் அணைகிற விளக்குக்குத்தான் கதை தேவைப்படுகிறது. நம்ம ஊரில் இதற்கு அழகான பெயர் இருக்கிறது: லூஸ் கான்டாக்ட்.

வந்து வந்து போகிற கோளாறுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. காரைக் கெடுப்பதோடு நிற்காமல், அதைப் பார்த்தவனின் பேச்சையும் கெடுத்துவிடும். “எங்ககிட்ட வரலையே சார்” என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் அதற்குப் பதில் கிடையாது. என் தொழிலிலும் இதே வாக்கியம்தான், ‘ரீப்ரொட்யூஸ் ஆகவில்லை’ என்று டிக்கெட்டை மூடுவோம். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு, பிரச்சினை இருக்கிறது என்று நிரூபிக்கும் பாரம் முழுக்கப் புகார் சொன்னவர் தலையில். ஆகவே லூஸ் கான்டாக்டின் வரலாற்றைச் சாட்சியின் வரலாறாகவும் படிக்கலாம். யார் பார்த்தது, யார் நம்பியது, இயந்திரத்துக்கு ஞாபகம் இருந்ததா? அப்படிப் படிக்க ஜாகுவார் இ-டைப்பை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இ-டைப் வெளியானது 1961 மார்ச்சில், ஜெனீவா கண்காட்சியில். அதன் உடலை வடித்த மால்கம் சேயர் பிரிஸ்டல் விமானக் கம்பெனியில் வேலை பார்த்து வந்தவர். காற்று எப்படி வழுக்கிப் போகும் என்று கணக்குப் போட்டே கோடுகளை வரைந்தார். மணிக்கு 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர் போகும் என்றது ஜாகுவார். இங்கிலாந்தில் விலை 2,000 பவுண்டை ஒட்டி. அந்த வேகத்துக்கு மற்றவர்கள் கேட்ட விலையோடு பார்த்தால் இது மலிவு. 1974 வரை 70,000-க்கு மேல் செய்தார்கள். 1996-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் ஒரு இ-டைப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

அந்தச் சிற்பத்துக்குள் ஓடிய மின்சாரம் லூகாஸுடையது. காரின் முன்பாதி முழுக்க ஒரே பானெட். முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். ஹெட்லைட்டுகள் அந்த பானெட்டிலேயே பதிந்திருக்கின்றன. அவற்றுக்கான ஒயர்கள் எல்லாம் பல முனைகள் கொண்ட ஒரே பிளக் வழியாகப் போகின்றன. பானெட்டுக்குக் கீழே இன்ஜினைத் தாங்குவது குழாய்ச் சட்டகம், உடலோடு போல்ட் போட்டு முறுக்கியது. பார்க்க அற்புதம். ஆனால் எலக்ட்ரீஷியன் கண்ணால் பார்த்தால் இது முழுக்க முழுக்க இணைப்புகளின் வரிசை. பிளக்கில் பித்தளை, போல்ட்டில் இரும்பு, நடுவில் பெயிண்ட். ஒவ்வொரு சேர்க்கையும் நாளை ஒரு லூஸ் கான்டாக்ட்.

காரில் மின்சாரம் எப்படிச் சுற்றுகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பேட்டரியின் ஒரு முனையிலிருந்து ஒயர் வழியாக விளக்குக்குப் போகிறது. திரும்பி வர பெரும்பாலும் தனி ஒயர் கிடையாது. காரின் உலோக உடம்பே திரும்பும் பாதை. அதைத்தான் எர்த் என்கிறோம். போகிற வழிக்கு நிறம் நிறமாக ஒயர், ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் உண்டு. வருகிற வழிக்கு ஒரு திருகும் ஒரு வாஷரும்தான். பார்க்க ஒன்றுமில்லாததால் யாரும் பார்ப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. தலா 60 வாட் கொண்ட இரண்டு ஹெட்லைட், 12 வோல்ட். ஓடும் மின்னோட்டம் 10 ஆம்பியர். எர்த் திருகில் களிம்பு ஏறி வெறும் 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். அந்த இடத்திலேயே 1 வோல்ட் போய்விடும். வோல்டேஜ் குறைவதை விட வேகமாக இழை பல்பின் வெளிச்சம் குறையும் என்பதால், இந்த 1 வோல்ட்டுக்கு வெளிச்சத்தில் கால்வாசி காணாமல் போகும். கூடவே அந்தத் திருகில் 10 வாட் சூடு. சூட்டில் உலோகம் விரியும், இடைவெளி மாறும், தடையும் மாறும். வண்டி குலுங்கும்போது களிம்பு கொஞ்சம் உரசிப்போய் விளக்கு மறுபடி பளிச்சென்று எரியும். இதில் பேயும் இல்லை, மர்மமும் இல்லை. சூடு, குலுக்கல், ஈரம் மூன்றும் சேர்ந்து ஒரு இணைப்பைத் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

எர்த் முழுசாக அறுந்துபோனால் இன்னும் வேடிக்கை. பின்பக்கம் ஒரு பக்கத்து விளக்குகளுக்குப் பொதுவாக இருக்கும் எர்த் போய்விட்டது. இண்டிகேட்டருக்கு வந்த மின்சாரத்துக்குத் தரைக்குப் போக வழியில்லை. அது பக்கத்து டெயில் லைட் பல்புக்குள் பின்வழியாக நுழைந்து, ஒயரைப் பிடித்து, அந்தப் பக்கத்து பல்புக்குப் போய் அங்கே எர்த்தைத் தேடிக்கொள்ளும். நீங்கள் இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் சிமிட்டும். பல்பு நல்ல பல்பு, சுவிட்ச் நல்ல சுவிட்ச். தப்பு, யாரும் பார்க்காத திருகில். ஓட்டுபவர் கண்ணில் படுவதோ லூகாஸ் என்று பெயர் பொறித்த கண்ணாடி மூடி.

இங்கேதான் ஜோக் பிறக்கிறது. கோளாறு தடயம் விடாமல் மறைகிறது, பெயர் மட்டும் எதிரில் நிற்கிறது. ஜோசப் லூகாஸ் பர்மிங்ஹாமில் பாரஃபின் எண்ணெய் விற்று மேலே வந்தவர். 1879-ல் அவர் கொண்டுவந்த சைக்கிள் விளக்கின் பெயர் ‘சாலையின் அரசன்’. அரசனாக ஆரம்பித்த கம்பெனி இளவரசனாக முடிந்ததில் ஒரு நகைமுரண் இருக்கத்தான் செய்கிறது. ஃபிராங்க் விட்டிலின் ஜெட் இன்ஜினுக்கு எரியறைகள் செய்தவர்களும் இதே லூகாஸ்காரர்கள்தான். அவர்களுக்கு ஒரு பித்தளை முனையை ஒழுங்காகச் செய்யத் தெரியாது என்று நம்புவது கஷ்டம். கார்க் கம்பெனி எந்த விலைக்குக் கேட்டதோ அந்த விலைக்குச் செய்தார்கள். பிறகு அந்தக் கார்கள் முப்பது நாற்பது வருடம் மழையில் நின்றன. கைமாறின. ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒரு ஒயரை வெட்டி டேப் சுற்றினார். எது கம்பெனியின் தப்பு, எது காலத்தின் தப்பு, எது முந்தைய ஓனரின் தப்பு என்று பிரித்துச் சொல்ல எந்தப் பதிவும் இல்லை. லூகாஸ் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. பதிவு இல்லாத இடத்தில் தீர்ப்பு எழுதியது ஜோக்தான் என்கிறேன்.

இந்தப் பெயர் நமக்குப் புதிதும் இல்லை. இ-டைப் வந்த அதே 1961-ல்தான் லூகாஸும் டிவிஎஸ்ஸும் கூட்டுச் சேர்ந்து சென்னையில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது. பர்மிங்ஹாம் லூகாஸ் 1996-ல் வேரிட்டியோடு இணைந்து, 1999-ல் அமெரிக்க டிஆர்டபிள்யூவின் கைக்குப் போனது. பாடியில் மட்டும் லூகாஸ் என்பது இன்றும் பஸ் ஸ்டாப். அங்கே இறங்குகிறவர்கள் யாருக்கும் இருட்டு ஞாபகம் வருவதில்லை. ஒரே பெயர், ஒரு ஊரில் கேலி, இன்னொரு ஊரில் வேலை.

அடுத்த கட்டம், காருக்குள் கணினி. 1976 லண்டன் கண்காட்சியில் ஆஸ்டன் மார்ட்டின் தன் லகோண்டாவைக் காட்டியது. வில்லியம் டவுன்ஸ் வரைந்த, கத்தியால் சீவினது போன்ற கார். உள்ளே முள் கடிகாரங்களுக்குப் பதில் ஒளிரும் எண்கள், அழுத்தத் தேவையில்லாமல் தொட்டால் போதும் என்கிற சுவிட்சுகள். அந்த எலக்ட்ரானிக்ஸைப் படியவைக்க முடியாமல் கார்கள் வாடிக்கையாளர் கைக்குப் போக 1979 ஆனது. பிற்பாடு எண்களை எடுத்துவிட்டுக் குட்டி டிவி குழாய்களை வைத்தார்கள். அதையும் மாற்றினார்கள். அன்றைய காரில் கணினி என்றால் லூஸ் கான்டாக்டுக்குப் பயந்து நடுங்குகிற இன்னொரு உறுப்பு. ஒரு நொடி வோல்டேஜ் சரிந்தால் பல்பு மங்கிவிட்டுத் திரும்பி வரும். கணினி அந்த நொடியில் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

இந்தப் பிரச்சினையை நேராகப் பார்த்தவர்கள் ஜெர்மனியின் பாஷ் கம்பெனிக்காரர்கள். 1983-ல் ஆரம்பித்து, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் ‘கேன்’ என்ற வலையமைப்பை அறிமுகம் செய்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ஒயர் என்று காருக்குள் தடிதடியாக வளர்ந்துவந்த ஒயர்க்கட்டைக் குறைப்பது ஒரு நோக்கம். எல்லாக் கணினிகளும் முறுக்கிய இரண்டே ஒயர்களில் பேசிக்கொள்ளும். பேச்சில்லாதபோது இரண்டிலும் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று 3.5-க்கு ஏறும், மற்றது 1.5-க்கு இறங்கும். கேட்பவர் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டையும் ஒன்றாகத் தூக்கினால் வித்தியாசம் மாறாது.

எனக்குப் பிடித்த பகுதி அதன் பிழைக்கணக்கு. கேனில் உள்ள ஒவ்வொரு கணினியும் தன் தப்புகளைத் தானே எண்ணும். அனுப்பிய செய்தி கெட்டால் பொதுவாக 8 கூடும், ஒழுங்காகப் போனால் 1 குறையும். ஒரு தப்புக்கு எட்டு நல்லது செய்தால்தான் கணக்கு நேராகும். 127-ஐத் தாண்டினால் அடக்கி வாசிக்க வேண்டும். 255-ஐத் தாண்டினால் பேச்சை நிறுத்திவிட்டு வலையமைப்பிலிருந்து வெளியேற வேண்டும். கோளாறு வராது என்ற நம்பிக்கையில் கட்டியதில்லை இது. வரும், போகும், எண்ணிக்கொண்டே இரு என்று கட்டியது. ஏறத்தாழ அதே சமயத்தில், 1985-ல், டேண்டம் கம்பெனியின் ஜிம் கிரே கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். தேடப் போனால் மறைகிற பிழைகளை அதில் ‘ஹைசன்பக்’ என்று குறிப்பிட்டார். மறுபடி முயன்றால் ஓடிவிடும் பிழைகள்தான் பெரும்பாலும் என்பது அவர் வாதம். தரவுத்தளமும் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே பாடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

1996 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது. புகையைப் பாதிக்கும் கோளாறு வந்தால் கார் அதற்கு ஒரு குறியீட்டை எழுதி வைக்கும். கூடவே அந்தக் கணத்தில் இன்ஜின் வேகம், சூடு போன்றவற்றையும் பதிந்துகொள்ளும். இயந்திரம் தானே சாட்சி சொன்னது. “எங்ககிட்ட வரலையே” என்பதற்கு, நேற்று வந்தது, இன்ஜின் இந்தச் சூட்டில் இருந்தது என்று பதில் இருந்தது.

ஆனால் இந்தச் சாட்சியையும் அப்படியே நம்ப முடியாது. இன்றைய விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாட்கள் அது உறை போட்டுத் தூங்குகிறது. தூங்கும்போதும் அதன் கணினிகள் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி 25 நாளில் பாதியாகிவிடும். அப்போது ஸ்டார்ட் செய்தால் வோல்டேஜ் சரிந்து, ஸ்டீயரிங், கியர், ஏர்பேக், சஸ்பென்ஷன் என்று திரையில் வரிசையாக எச்சரிக்கைகள் வரலாம். பத்து சாட்சிகள், பத்துப் பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் சொல்வது, “அவனோடு தொடர்பு விட்டுப்போச்சு” என்பதுதான். ஏன் விட்டுப்போச்சு என்று யாருக்கும் தெரியாது. குறியீட்டை மட்டும் படித்து விலையுயர்ந்த பெட்டியை மாற்றினால், மாற்றும்போது பிளக்கைக் கழற்றி மாட்டிய உரசலிலேயே கொஞ்ச நாள் சரியாகி, பிறகு திரும்பி வரும்.

இன்னொரு கேள்வி, சாட்சி யாரிடம் பேசுகிறது என்பது. அந்த ஞாபகத்தை முழுதாகப் படிக்கும் கருவி பல வருடங்கள் டீலர் கையில் மட்டும் இருந்தது. 2012-ல் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள் வாக்களித்து, கார் கம்பெனிகள் அதை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். இ-டைப் ஓனரிடம் ஆதாரம் இல்லை. அவர் பேரனின் காரில் ஆதாரம் இருக்கிறது, ஆனால் பூட்டிய பெட்டியில். இரண்டு பேரும் கவுன்ட்டரில் கேட்பது ஒரே வாக்கியம் என்றால், நடுவில் வந்த அத்தனை தொழில்நுட்பமும் யாருக்காக என்று கேட்கத் தோன்றுகிறது.

கையில் ஒரு மீட்டர் இருந்தால் வழி அன்றும் இன்றும் ஒன்றுதான். கேன் ஒயர் இரண்டின் முனைகளிலும் தலா 120 ஓம் தடை வைத்திருப்பார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு அளந்தால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. எர்த்துக்கு, விளக்கைப் போட்டுவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்க்க வேண்டும். விளக்கு எரியாதபோது பார்த்தால் எல்லாத் திருகும் யோக்கியம்தான். கணக்குக்கு மேல் வோல்ட் காட்டினால் திருகைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாஸ்லின் தடவி, இறுக்கி முடுக்கினால் போதும்.

ஆனால் எந்தத் திருகு? நல்ல எலக்ட்ரீஷியன் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் கேட்பது அதைத்தான். “எப்போ வருது? மழை பெஞ்சா வருதா? வண்டி சூடான பிறகா? மேடு பள்ளத்திலயா, இடது பக்கம் திருப்பும்போதா?” மேட்டில் வந்தால் தளர்ந்த இணைப்பு, மழையில் வந்தால் தண்ணீர் நுழையும் பிளக், சூட்டில் வந்தால் விரிந்து பிரியும் பற்றவைப்பு, திருப்பத்தில் வந்தால் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து அசையும் ஒயர். இதில் பாதியைக் காரின் ஞாபகத்தில் தேடினாலும் கிடைக்காது. ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும், கேட்டால் சொல்வார்.